டீக்கல்காரர்

அம்பத்தூரில் கரன்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே இனம் டீக்கல்காரர்கள்தான். மே மாத மத்தியானத்தில் ஃபேன் நின்றதும் தெருவே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு வாசலுக்கு வரும். டீக்கல்காரர் மட்டும் சத்தமில்லாமல் ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். இவர் ஒட்டப்போகும் சமாசாரம் சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. ஃபேன் சுற்றினால் அது பக்கத்து வீட்டில்தான் இறங்கும். ஃபேனை அணைக்கச் சொன்னால் வீட்டில் ரகளை ஆகும். வாரியமே அணைத்துவிட்டால் யார் யாரைக் கேட்பது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதாவதொரு கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி கன்ட்ரோல் பார்த்து, வெர்னியர் காலிப்பரோடு ரிட்டயர் ஆனவராக இருப்பார். அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய கண் சும்மா இருக்குமா? முதலில் மருமகளின் சாம்பாரில் முயன்று பார்த்திருப்பார். அது எடுபடாமல் போன பிறகுதான் 72-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் குண்டுவீச்சு விமானங்களுக்கு வந்து சேர்ந்திருப்பார். விமானத்தை ஒட்டிச் சேர்ப்பதெல்லாம் அவருக்கு ஒரு வேலையே இல்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பார். அதன் மேல் போடும் ரவுண்டல் என்கிற வட்டம், எண், எழுத்து, அந்த டீக்கல்தான் விஷயம்.

அதற்கு ஆசாரம் அதிகம். பெயின்ட் சொரசொரப்பாக இருந்தால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி வெள்ளியாக மின்னும். ஆகவே முதலில் பளபள வார்னிஷ். பிறகு டபராவில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் டீக்கலை அரை நிமிஷம் ஊறவைத்துக் காகிதத்திலிருந்து நகர்த்த வேண்டும். (அந்த டபராவில் அப்புறம் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை.) மேலே மைக்ரோசால் என்ற திரவத்தைத் தடவினால், ஆறிய பாலின் ஏடு மாதிரி டீக்கல் சுருங்கி மடியும். புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் விரலை வைப்பார்கள், வைத்தால் கிழிந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டால் தானே படிந்து, ரிவெட்டின் மேடுபள்ளம்கூடத் தெரியும்படி உட்கார்ந்துவிடும். ஒன்றும் செய்யாமல் இருப்பது நம்மவருக்கு உயிர் போகும் வேதனை. அந்தச் சமயம் பார்த்துத்தான் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏங்க, கேஸ்காரன் வந்திருக்கான்!"

"இரு, ரவுண்டல் நகருது!"

பழுப்பேறிய பழைய டீக்கல் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வாரக்கணக்கில் வெயில் காட்டுவதும் உண்டு, மஞ்சள் வெளுத்துவிடும். எதிர்வீட்டம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "திருஷ்டிக்கா? எங்க கிடைக்குது?" என்று விசாரித்திருக்கிறார்.

இவரோடு புழல் ஏரிப் பக்கம் காலைநடை போவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஊரே ஏரியைப் பார்த்து "எத்தனை அடி தண்ணி?" என்று கேட்கும். இவர், "எங்க இறங்கியிருக்கும்னு நினைக்கறீங்க?" என்பார். 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடி வங்காள விரிகுடாவுக்குப் போகும் கேட்டலினா பறக்கும் படகுகள் இந்தத் தண்ணீரிலிருந்துதான் கிளம்பின. இவர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு மறக்க விடவில்லை. அந்தக் கேட்டலினாவின் வட்டத்தில் நடுச்சிவப்பு இருக்காது. சிவப்பைக் கண்டால் ஜப்பான் விமானம் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடும் என்பதால், கிழக்கே பறந்த விமானங்களில் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு வெள்ளையும் போய் வெளிர்நீலம் வந்தது. இதை அவர் வீட்டில் விளக்கிய அன்று நானும் அங்கே இருந்தேன்.

"பொட்டு இல்லாம என்னவோ மாதிரி இருக்கே?"

"ஜப்பான்காரன் பெருசா சிவப்புப் பொட்டு வச்சிருந்தான். குழப்பம் வந்துடும்ல?"

"அவன் வச்சா வச்சுக்கட்டும். அதுக்காக இவங்க அழிக்கணுமா?"

அவரிடம் பதில் இல்லை. வெளிர்நீலம் எவ்வளவு வெளிர் என்ற பேச்சுக்குத் தாவிவிட்டார். அதில் பிடித்தால் மதியச் சாப்பாடு வரை விடமாட்டார்.

ஆனால் அவருடைய உண்மையான ஆறாத மனக்குறை லிபரேட்டர். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் அந்த நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்களை விட்டுப் போனார்கள், அதுவும் யாரும் மறுபடி பறக்கவிட முடியாதபடி அடித்து நொறுக்கிவிட்டு. பெங்களூர் எச்.ஏ.எல். ஆட்கள் போய் அவற்றைப் பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட, டெஸ்ட் பைலட் ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டி வந்தார். 1948 நவம்பரில் அவற்றை வைத்தே நம் ஐந்தாம் ஸ்குவாட்ரன் உருவானது. 1968 வரை பறந்தன. வேறு நாடுகளில் லிபரேட்டர்களை உடைத்துப் பாத்திரமாக்கி முடித்திருந்ததால், அப்புறம் மியூசியக்காரர்கள் நம்மிடம்தான் வந்தார்கள். அப்படிப் போன ஒன்று ஓர் இங்கிலாந்துக்காரர் கை மாறி அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷனை அடைந்து, 1989-இல் மறுபடி பறந்தது. முதலில் 'ஆல் அமெரிக்கன்' என்று பெயர் எழுதினார்கள். 1998-இல் விமானம் நெடுக ஒரு டிராகன். 2005-இல் 'விட்ச்கிராஃப்ட்'. மூன்றுமே போரில் பறந்த வேறு விமானங்களின் வேஷம்.

"இருபது வருஷம் சோறு போட்டது நாம. ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டது அவங்க! இது நம்ம ஊர்ல நிவாரணப் பொட்டலத்துல ஸ்டிக்கர் ஒட்டினதையும் மிஞ்சிடுச்சு சார்."

"அந்த விமானத்தை முதல்ல பண்ணினது யாருங்க?" இது சமையலறையிலிருந்து.

"அமெரிக்காதான்... டெக்சஸ்ல... அது வேற விஷயம்."

எனவே அந்த விமானத்துக்கு நம் வட்டத்தைப் போட்டே தீருவது என்று இறங்கினார். நடுவில் காவி, அடுத்து வெள்ளை, வெளியே பச்சை. 1950-இல் வந்த அமைப்பு. கிட்டுடன் வரும் தாளில் அமெரிக்க நட்சத்திரமும் அரைகுறை ஆடையில் பெண்களும்தான் இருப்பார்கள் (அந்தத் தாளை அவர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்). சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. ஓர் அச்சகத்துக்குப் போனார்.

"எந்தக் கட்சி சார்?"

"கட்சி இல்லப்பா."

"சுயேச்சையா? எவ்வளவு அடிக்கணும்?"

"ஆறு."

"ஆறாயிரமா?"

"ஆறே ஆறு."

அச்சகக்காரர் இவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இந்த இனத்துக்கு ஒரு பங்காளி இனம் ஆவடியில் இருக்கிறது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த தொழிற்சாலை உள்ள ஊர் என்பதால், அங்கே டாங்கி பொம்மைதான் செய்வார்கள். அவர்களைப் பற்றி நம்மவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "டீக்கல் கோணலாப் போனா மேல சேறு பூசிடறாங்க சார். கேட்டா ராஜஸ்தான்ல ஓடின டாங்கின்னு சொல்றாங்க. பாலைவனத்துல ஏது சேறு?" ஆவடிக்காரர்களின் பதில் சுருக்கமானது: "பறக்காத விமானத்துக்கு இவ்வளவு பேச்சா?"

லிபரேட்டர் முடிந்தது. இறக்கை மட்டும் ஒன்றரை அடி. ஷோகேஸில் இடமில்லாததால் நவராத்திரிக்குக் கொலுவில் ஏற்றிவிட்டார்கள், கைலாச மலைக்குச் சற்று மேலே. வெற்றிலைபாக்குக்கு வந்தவர்கள் எல்லாரும் கான்பூர்க் கதையைக் கேட்டுவிட்டுத்தான் சுண்டல் வாங்க முடிந்தது. "ரொம்ப நல்லாருக்கு, ஆன்லைன்ல வாங்கினீங்களா?" என்று கேட்டவர்களையும் பொறுத்துக்கொண்டார். பாட்டுப்பாட வந்த ஒரு சிறுமியின் தம்பி, இரண்டாம் வகுப்பு இருக்கும், வெகுநேரம் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அங்கிள், இந்தப் பக்க வட்டம் கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கு."

அவர் வெர்னியரை எடுத்து வந்து அளந்தார். ஒன்றரை மில்லிமீட்டர். அன்றிரவே விமானம் கைலாசத்திலிருந்து இறக்கப்பட்டது. மறுநாள் கொலுவுக்கு வந்தவர்கள் சுண்டலைக் கதை கேட்காமலே வாங்கிக்கொண்டு, "இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சுடுச்சே" என்று சந்தோஷமாகப் போனார்கள்.