சொதிக்குப் பாத்தியதை

திருச்செந்தூரில் குடியிருப்பவனுக்கு உறவினர் பஞ்சம் ஒருநாளும் ஏற்பட்டதில்லை. ஆவணித் திருவிழாவுக்கு வருகிறவர்கள், மாசித் திருவிழாவுக்கு வருகிறவர்கள், வைகாசி விசாகத்துக்கு வருகிறவர்கள், இவற்றுள் எதற்கும் வர இயலாமற்போன குறையைத் தீர்க்கக் கந்த சஷ்டிக்கு வந்து ஆறு நாளும் விரதமிருந்து தங்குகிறவர்கள் என்று, பஞ்சாங்கத்தில் முருகனுக்கு விசேஷமான தினங்களெல்லாம் எங்கள் வீட்டு அடுப்புக்கும் விசேஷமான தினங்களே. கடலாடி, நாழிக்கிணற்றில் நீராடி, சந்நிதியில் மனமுருகி நின்று, பன்னீர் இலை விபூதியைப் பத்திரமாக மடித்துக்கொண்டு திரும்பும் இந்தப் பக்தகோடிகள், கூட்டத்தையும் வெயிலையும் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, குரலைச் சற்றே தாழ்த்தி, "பெரியம்மை சொதி வைப்பாகளா?" என்று கேட்பார்கள். தரிசனத்தின் பலன் மறுமைக்கு; சொதியின் பலன் அன்று மத்தியானத்துக்கே.

சொதி, திருநெல்வேலிச் சீமைச் சைவ வேளாளர் வீடுகளின் பொதுச் சொத்து. கலியாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் படைக்கும் மறுவீட்டு விருந்தில் அது இல்லாவிட்டால் தாலி கட்டியதே அரைகுறை என்று எண்ணப்படும். 'மாப்பிள்ளைச் சொதி' என்ற பட்டம் அதற்கு வந்ததும் அதனால்தான். இப்படி ஒரு சீமைக்கே உரிய பதார்த்தத்தைத் தனியொருவர் தம் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்வது எங்ஙனம் என்பது சட்ட நிபுணர்கள் ஆராயத்தக்க விஷயம். ஆங்கிலேயக் கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை உடைத்தே தீருவதென்று 1906-ஆம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, எங்களுக்கு அடுத்த தூத்துக்குடியில் இருந்து அதைச் செய்தவர்தாம். ஆயினும் அவருடைய துணிச்சலில் ஒரு வீசம்கூட எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காதபடியால், பெரியம்மையின் சொதி ஏகபோகம் போட்டிக் கப்பல் எதுவுமின்றி நெடுங்காலம் செழித்து வந்தது.

அந்தக் கீர்த்திக்கு ஆதாரம் இல்லையென்று சொல்ல மாட்டேன். தேங்காய்த் துருவலை அரைத்துக் கெட்டியான முதற்பாலைத் தனியே எடுத்து வைத்து, பின்னெடுத்த பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் முதலியவற்றை வேகவிட்டு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதைக் கரைத்து, குழைய வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதற்பாலை ஊற்றுகிறார்களே, அந்தக் கணம்தான் சமர்த்தருக்கும் சாமானியருக்கும் எல்லைக்கோடு. ஊற்றியபின் கொதிக்கவிட்டால் பால் திரைந்து, எண்ணெய் தனியே நீர் தனியே பிரிந்து நிற்கும்; இறக்குமுன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலும் அதே கதி. புளி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது, செய்த பிழையைப் போர்த்து மறைக்கத்தக்க சரக்கு ஒன்றும் அதில் சேர்வதில்லை. ஆகவே அந்த வேளையில் அடுக்களைப் பக்கம் யாரும் வாய் திறக்கலாகாது. திறந்து, பாலும் திரைந்துவிட்டால் குற்றம் பேசினவருடையது. திரையாவிட்டால் புகழ் பெரியம்மையுடையது.

கந்த சஷ்டிக் காலத்தில் இந்த ஏகபோகத்துக்கு ஒரு சோதனை நேரும். விரதமிருப்பதற்கென்றே வந்திருப்பவர்களிடம் சொதியை எப்படிச் செலுத்துவது? ஆறாம் நாள் மாலை கடற்கரையில் சூரசம்ஹாரம் முடியும் வரையில் பெரியம்மை பொறுத்திருப்பாள், ஏழாம் நாள் சுவாமிக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம் ஆகும் வரையிலும் பொறுத்திருப்பாள், எட்டாம் நாள் பொழுது விடிந்ததும், "சாமிக்குக் கலியாணம் ஆயிட்டுதே, மறுவீட்டுக்குச் சொதி வைக்கண்டாமா?" என்று தேங்காய்களைக் கூடத்தில் உருட்டிவிடுவாள். திருச்செந்தூர்க்காரர்களாகிய நாம் மாப்பிள்ளை வீட்டார் அல்லவா, சொதி வைக்கக் கடமைப்பட்டவன் பெண்ணைப் பெற்ற தேவேந்திரன் அல்லவா என்று, தர்க்கத்தில் பயிற்சியுள்ள சித்தப்பா ஆட்சேபித்தார். "இந்திரனுக்குத் தேங்காப்பால் பிழியத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டாள் பெரியம்மை. தேவராஜனுடைய இந்தச் சாமர்த்தியத்தைக் குறித்துப் புராணங்கள் மௌனம் சாதிக்கின்றபடியால், சித்தப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பெயர்பெற்ற பதார்த்தத்தை உண்பது லேசான காரியமன்று. செய்வது ஒருவர் பொறுப்பென்றால், நன்றாயிருக்கிறதென்று காலத்தோடு சொல்வது மற்றவர் பொறுப்பு. முதற் கவளம் தொண்டையில் இறங்குமுன்பே பெரியம்மை, "எய்யா, இன்னைக்குச் சரியா வாய்க்கலை, தேங்கா முத்தல்" என்பாள். இது அபிப்பிராயமன்று, மறுப்புக்கு விடுத்த அழைப்பு. தாமதித்து மறுத்தால் யோசித்துச் சொன்னதாகும். உரக்க மறுத்தால் நடித்ததாகும். "ஆமா, கொஞ்சம் முத்தல்தான்" என்று ஒப்புக்கொண்ட தூரத்து உறவினர் ஒருவர் அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவுக்கும் எங்கள் வீட்டில் இறங்கியதில்லை. உத்தமமான மறுப்பு, வாய் திறவாமல் இன்னோர் அகப்பைக்கு இலையில் இடம் ஒதுக்குவதே. இத்தனை தேங்காய்ப்பாலும் செரிப்பதற்குத்தான் முன்னோர் இஞ்சித் துவையலைப் பக்கத்தில் வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவருக்கு இந்த நீதிசாஸ்திரம் தெரியாது. அவர்கள் பக்கத்தில் சொதி என்பது இடியப்பத்தின்மேல் ஊற்றிக்கொள்ளும் நீர்த்த பாற்குழம்பு. அவர் இலையை உற்றுப் பார்த்து, "இதுக்கை ஏன் பருப்புப் போட்டனீங்கள்?" என்று வினயமாகவே கேட்டார். அன்றைக்குப் பாக் நீரிணையின் அகலம் போதவில்லை. ஆனால், இந்த அபிமானம் எங்கள் வீட்டோடு முடிவதன்று. வடக்கே வீரபாண்டியன்பட்டினத்தில் மீன்குழம்புக்கும், அதற்கும் வடக்கே காயல்பட்டினத்தில் நெய்ச்சோற்றுக்கும் களறிக்கறிக்கும் வீட்டுக்கு வீடு ஒரு பெரியம்மை இருக்கத்தான் செய்கிறாள். மனிதர் பெருமை கொள்வது பதார்த்தத்தைக் குறித்தன்று. தாம் இல்லாவிட்டால் அது இல்லை என்பதைக் குறித்தே.

ஆகையால்தான் பெரியம்மைக்கு மருமகளாய் மதினி வந்த பிறகு சிக்கல் உண்டாயிற்று. சீர்வரிசைப் பாத்திரங்களோடு, மீனாட்சி அம்மாள் 1951-இல் எழுதி வெளியிட்ட 'சமைத்துப் பார்' புத்தகமும் அவளுடன் வந்திருந்தது. எதற்கும் அளவு எழுதிப் பழகியவளாகையால், சொதிக்கும் அளவு கேட்டாள். "தேங்காய்க்குத் தக்கன பருப்பு" என்றாள் பெரியம்மை. "தேங்கா எத்தனை அத்தை?" "பருப்புக்குத் தக்கனப் போட்டுக்கோ." இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டே, பெரியம்மை ஜுரத்தில் படுத்திருந்த ஒரு நாளில் மதினி சொதி வைத்தாள், அது எவ்விதத்திலும் குறைவாயில்லை என்பது மட்டுமன்று, ஒருபடி மேலாகவும் இருந்துவிட்டது. கூடத்தில் கனத்த மௌனம். கடைசியில் சித்தப்பாதான், "மதினி கைப்பக்குவம் அப்படியே படிஞ்சிருக்கு" என்று, தமக்கு மதினி முறையான பெரியம்மையின் கட்டிலை நோக்கிச் சொல்லி, மருமகளுக்கு விழுந்த புகழை மாமியார் கணக்கில் வரவு வைத்தார்.

ஜுரம் தெளிந்ததும் பெரியம்மையே முன்வந்து பாகப்பிரிவினை செய்தாள். "ஏட்டி, நீ கூட்டாஞ்சோறு நல்லாப் பண்ணுதே" என்று அந்தச் சமஸ்தானத்தை, முருங்கைக்கீரையும் கூழ்வடகமும் உட்பட, மதினிக்குச் சாசனமாக்கினாள். சொதி பழையபடி தன் ஆளுகையில் நின்றது. சித்தப்பாவுக்குச் சுக்குக் கருப்பட்டிக் காப்பி கிடைத்தது. எனக்கோ, தேங்காய் துருவும் கைங்கரியம் மட்டும். பெயர் சொல்லும்படி ஒரு பாகமும் வரவில்லையே என்று நண்பர்கள் இரங்குகிறார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது: பெயர் எடுத்தவர்கள் பாராட்டுக்காகப் பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், துருவுகிறவனோ தனக்குச் சேரவேண்டியதை அவ்வப்போதே வாயில் போட்டுக்கொள்கிறான்.