காவக்காரனை அடிக்காதலே!

ஏலே பேராண்டி, இங்கன வா. மூஞ்சியில என்னலே அது? செவப்பாக்குற கிரீமா? நல்லாயிரு. மூஞ்சிக்குப் பூசினே சரி, காதையும் பிடரியையும் யாருக்கு எழுதி வச்சே?

உச்சிவெயில்ல தலையில ஒரு துண்டுகூட இல்லாம பைக்குல சுத்த வேண்டியது, சாயங்காலம் கண்ணாடி முன்னால நின்னு 'கறுத்துட்டேனே'ன்னு மூக்கைச் சிந்த வேண்டியது. கறுப்பு என்ன திருடனாலே? அவந்தாம்லே காவக்காரன். வெயில்ல வார புறஊதாக் கதிர் உள்ள பூந்து தோலைக் கெடுக்காம, மெலனின்னு ஒரு நிறமி குறுக்க நின்னு வாங்கிக்கிடுது. நீ என்னடான்னா காவக்காரனை விரட்ட காசு குடுத்துக் களிம்பு வாங்குதே. அதுல சில களிம்புல ஸ்டீராய்டு வேற கெடக்கு. கொஞ்ச நாள் பளபளங்கும், பெறகு தோல் மெலிஞ்சு வெயில் பட்டாலே எரியும்.

வெள்ளைக்காரன் உனக்கு அண்ணன். அவன் புறஊதா விளக்குப் பெட்டிக்குள்ள படுத்துக் காசு குடுத்துக் கறுக்கான். 2009-ல உலக சுகாதார நிறுவனத்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க அந்தப் பெட்டியைப் புத்து வரவைக்கிற பட்டியல்ல, புகையிலை இருக்குற முதல் வரிசையில கொண்டுபோய் வச்சுட்டாங்க. வெளுக்கவன் இங்க, கறுக்கவன் அங்க. சிரிக்கது ரெண்டு ஊருலயும் கடைக்காரன்தான்.

ஆஸ்திரேலியாவுல வெள்ளைத் தோலுக்கு அந்த வெயில் ஆகல. தோல் புற்றுநோய் ரொம்ப அதிகமா வார நாடுகள்ல அது ஒண்ணு. 1981-ல ஒரு கடல்பறவைப் பொம்மையை டிவியில ஆடவிட்டு, சட்டையைப் போடு, கிரீமைப் பூசு, தொப்பியை வைன்னு ஊருக்கே பாட்டாச் சொன்னாங்க. கிரீமைத் தவிர மத்ததை ஒங்க ஆச்சி டிவி இல்லாமலே செஞ்சா. மிளகாய்ப்பழம் பறிக்கப் போறப்ப என் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல மாட்டி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் போவா. அதைப் பாத்துச் சிரிச்சவன் நீ.

உடனே 'நம்ம கறுப்புத் தோலுக்கு அந்த நோய் வராது'ன்னு மீசையை முறுக்காதே. கொறைவுதான், இல்லேன்னு இல்ல. மெலனோமாங்கிற பொல்லாத புத்து நம்மள மாதிரி ஆளுகளுக்கு வந்தா, பெரும்பாலும் உள்ளங்கால்லயும் உள்ளங்கையிலயும் நகத்துக்கு அடியிலயும்தான் உக்காரும். ஜமைக்காப் பாட்டுக்காரன் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில வந்துச்சு. 36 வயசுல போய்ச் சேந்துட்டான். அந்த வகை வெயிலால வாரதில்ல, அதுக்கு ஒன் கிரீம் செல்லாது, கண்ணுதான் செல்லும். குளிக்கப்போ உள்ளங்காலையும் திருப்பிப் பாரு. மச்சம் பெருத்தாலோ, ஓரம் கோணி நிறம் மாறினாலோ, நகத்துல புதுசா கறுப்புக் கோடு விழுந்தாலோ, புண்ணு வாரக்கணக்கா ஆறாம கெடந்தாலோ, பழைய தீக்காயத் தழும்புல புண்ணு கெளம்பினாலோ தோல் டாக்டர்ட்ட ஓடு. மஞ்சப்பத்துப் போட்டுக்கிட்டு மாசத்தை எண்ணாதே.

வெயில் கடுசா இல்லையான்னு போனைத் தடவ வேண்டாம், கீழ குனி. ஒன் நிழல் ஒன்னைவிடக் குட்டையா இருந்தா மரத்தடியைப் பாத்து ஒதுங்கு. மேகம் மூடியிருக்குன்னு ஏமாறாதே, அதுக்குள்ளயும் கதிர் வரும். கிரீம்தான் வேணும்னா வெயில் தடுக்குற கிரீமா வாங்கு. எஸ்.பி.எஃப். 30 போட்டா சுடுற கதிர்ல நூத்துக்கு 97 பங்கு தடுக்கும், 50 போட்டா 98. அந்த ஒரு பங்குக்குக் கடைக்காரன் எவ்வளவு கூட வாங்குதான்னு பில்லைப் பாரு. எதைப் பூசினாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பூசணும், வேர்த்தா மறுபடி பூசணும்.

நாளைக்குப் பொண்ணு பாக்கப் பன்னெண்டு மணிக்கு பைக்குல வாரேன்னியாமே? வேண்டாம், காலைல எங்களோட வேன்ல ஏறு. ஆனா ஜன்னல் ஓரத்துல உக்காராதே, கண்ணாடி வழியாவும் கொஞ்சம் கதிர் உள்ள வரும். அந்த சீட்டை எனக்கு விட்டுரு. எனக்கு இனிமே எவன்லே பொண்ணு குடுக்கப் போறான்!