சொகுசுக் காரின் கிலுக்கம்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்து ஓர் ஒலியியல் விசாரணை

சொகுசுக் காரின் கிலுக்கம் எனப்படுவது, விலை உயர்ந்த வாகனமொன்றின் உட்புறத்தில், இடமும் காரணமும் உடனே புலப்படாதவாறு எழுந்து, உரிமையாளரின் காதுக்கு மட்டும் பெரிதாகக் கேட்டு, பின்னிருக்கையில் இருப்பவரால் மறுக்கப்படும் சிற்றொலியாகும். இவ்வரைவிலக்கணத்தில் 'விலை உயர்ந்த' என்னும் அடை மிகையன்று. இரண்டு சில்லு உழவு இயந்திரமாகிய லாண்ட்மாஸ்டர், பெட்டியை இழுத்துக்கொண்டு கிரவல் வீதியில் போகையில் எழுப்பும் ஓசை இதனிலும் பன்மடங்கு பெரிதாயினும், அதனை எவரும் குறையென்று சொல்வதில்லை. அவ்வோசை இடையில் நின்றுபோனால்தான் வீட்டார் படலைக்கு வந்து எட்டிப் பார்ப்பர்.

இக்குறை பெரும்பாலும் 'புதுக் கார்' மீதே சொல்லப்படுவதால், அச்சொல்லுக்கும் விளக்கம் வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தமையால், இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளும் புதுக் கார் என்னும் பதவியை அதற்கு முன் வந்திறங்கிய கார்களே வகித்துவந்தன. அவற்றுட் பல ஜப்பானில் ஒருமுறை வாழ்ந்து முடித்து, 'றீகண்டிசன்' என்னும் பெயரோடு இங்கே மறுபிறப்பெடுத்தவை. ஆகவே வன்னியில் புதுமை வயதைக் குறிப்பதன்று; இருக்கையின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை என்பதைக் குறிப்பது.

வாகன ஒலிகளை வகைப்படுத்தப் புகுந்த மேனாட்டுப் பொறியியலார் இரைச்சல், கிறீச்சிடல், கிலுக்கம் என மூன்றோடு அமைந்துவிட்டனர். கிளிநொச்சிக் கராச்சுகளின் வழக்கு இதனிலும் வளமானது: கிலுகிலு, கடகட, நறநற, டொக்கு டொக்கு என வந்தவர் வாயிலேயே நோய் பெயரோடு வந்துவிடும். இவை இலக்கணத்தார் இரட்டைக்கிளவி என்னும் இனத்தின்பாற் படுவன. அஃதாவது இரட்டித்தே நிற்பன, பிரித்தாற் பொருள் தராதன. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காதென்று தொல்காப்பியம் விதித்தது கராச்சுக்கும் பொருந்தும். 'டொக்கென்று ஒருக்காக் கேட்டது' என்று வந்தவருக்குப் பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது சில்லில் தெறித்த கல்லாக இருக்கும், ஒற்றை டொக்குக்குக் கராச்சில் பொருளில்லை. 'டொக்கு டொக்கு' என்றவருடைய காரே ஜாக்கில் ஏறும்; அது பெரும்பாலும் ஸ்டபிலைசர் லிங்க், அஃதாவது வளைவில் கார் சாயாதிருக்க இருபக்கச் சில்லுகளையும் பிணைக்கும் கம்பியின் மூட்டு, தேய்ந்ததன் அறிகுறி.

காரணங்களுள் முதன்மையானது வெயில். டாஷ்போர்ட் எனப்படும் முன்பலகை பொலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்ரிக்காலும், அது பொருத்தப்பட்ட உடல் எஃகாலும் ஆனவை. வெப்பம் 30 பாகை கூடும்போது ஒரு மீற்றர் எஃகு அரை மில்லிமீற்றர்கூட நீளாதிருக்க, அதேயளவு பிளாஸ்ரிக் 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை நீண்டுவிடும். சாதகம் பொருந்தாத இவ்விரண்டையும் சேர்த்துவைத்திருப்பவை கிளிப் எனப்படும் சிறு கொக்கிகளே. மத்தியானம் முழுவதும் கச்சேரி வாசலில் நின்ற கார், மாலையில் ஆறும்போது முனகத் தொடங்குவது இதனாலாகும். கிளிப்பைக் கழற்றினால் அது உடையும். எனவே ஒரு சத்தத்தைத் தேடி முன்பலகையைக் கழற்றிய கார் இரண்டு சத்தங்களோடு வீடு திரும்புவதும் உண்டு.

சொகுசு கூடக் கூடச் சில்லு பெருத்து, ரயர் மெலிவது மற்றொரு காரணம். 20 அங்குலச் சில்லைச் சுற்றி ஒட்டிய மெல்லிய ரப்பர், கிடங்கின் அடியைத் தான் வாங்காது மேலே அனுப்பிவிடும். காபெற் இட்ட ஏ 9 வீதியில் வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை மூச்சுக்கூட விடாமல் வந்த கார், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்ளொழுங்கையொன்றின் கிரவலில் இறங்கியதும் வாய் திறப்பது இதனாலேயே. செம்புழுதி இடுக்குகளிற் படிந்து நறநறவுக்குத் துணைசெய்யும்.

தனியே ஆராயத்தக்கது முறிகண்டிக் காரணி. ஏ 9இல் போவோர் திருமுறிகண்டிப் பிள்ளையாரிடம் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது வழக்கம். கச்சான் ஓடும் காரிலேயே உண்ணப்படும். சரையிலிருந்து தவறிய ஒன்று, இருக்கை முன்பின்னாக நகரும் தண்டவாளத்தினுள் விழும். கோதோடு காய்ந்த கச்சான் இயல்பிலேயே ஒரு கிலுகிலுப்பை. அது மேலும் ஒரு குழாய்க்குள் உருளும்போது எழும் ஒலியைக் கணினி பொருத்திச் சோதித்தால் 'குறை எதுவுமில்லை' என்றே திரை காட்டும். ஜப்பானியப் பொறியியலார் எந்தப் பட்டியலிலும் கச்சானைச் சேர்க்கவில்லை.

இவையெல்லாம் ஒலி பிறக்கும் விதத்தைச் சொல்லுமேயன்றி, அது கேட்கும் விதத்தைச் சொல்லா. பெரிய ஒலி சிறிய ஒலியைக் கேளாமற் செய்வதை ஒலியியலார் மறைப்பு என்பர். கார் அமைதியாக ஆக, மறைந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளிவரும். 1958இல் டேவிட் ஒகில்வி என்னும் விளம்பரக்காரர், மணிக்கு 60 மைல் வேகத்தில் புதிய ரோல்ஸ் ரொய்சினுள் கேட்கும் மிகப்பெரிய சத்தம் மின்மணிக்கூட்டினுடையதே என்று எழுதி உலகப் புகழ்பெற்றார். அதைப் படித்த அந்நிறுவனத்துப் பொறியியலாளர் மகிழாமல், மணிக்கூட்டை ஏதாவது செய்தாக வேண்டுமென்று தலையசைத்ததாக ஒகில்வியே பின்னர் பதிந்துள்ளார். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், வாங்கி 90 நாட்களுக்குள் உரிமையாளர் சொல்லும் குறைகளை 2022இல் எண்ணியபோது, 100 வாகனங்களுக்குச் சராசரி 180 குறைகள் வர, சொகுசு வகைகள் சாதாரண வகைகளைவிடக் கூடுதலான குறைகளைப் பெற்றதும் இவ்விடத்து நோக்கத்தக்கது.

வன்னியில் இம்மறைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அருகியபோது, 1947 முதல் பிரித்தானியாவிற் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ 40 கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியும் மாப்பிள்ளையும் நெல்மூட்டையும் ஒரே இருக்கையில் ஏறிய அக்கார்களில் ஆடாத பாகம் இல்லை. அச்சத்தம் வாகனம் வருகிறதென்னும் அறிவித்தலாகவே கொள்ளப்பட்டது. ஆயினும் அக்காலத்துக் காதுகள் மந்தமானவை அல்ல. போர் முடிந்த 2009 வரை, முகிலுக்கு மேலே வருவது கிபிர் என்னும் போர் விமானமா, 'வண்டு' என்று பெயர்பெற்ற ஆளில்லா வேவு விமானமா என்பதைச் சட்டி கழுவிக்கொண்டிருந்த ஆச்சி தலை நிமிராமலே சொல்வார். பதுங்குகுழிக்குள் இறங்குவதா இல்லையா என்பது அத்தீர்ப்பில் தங்கியிருந்தது. அவ்வாறு பழகிய செவியின் முன்னே, கதவுப் பலகைக்குள் தளர்ந்த கிளிப் ஒன்று எத்தனை நாள் ஒளிந்திருக்க முடியும்? வரைவிலக்கணத்துக்கு விலக்காக, பின்னிருக்கையில் இருத்தப்பட்ட ஆச்சி, பேரன் பல கோடி கொடுத்து வாங்கிய காரைப் பற்றி முதலிற் சொன்ன சொல் 'இடப்பக்கம்' என்பதாகவே இருக்கும்.

சிகிச்சை எளிது. கராச்சுக்காரர் ஏறியமர்ந்தவுடன் சத்தம் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளுமாதலால், அவரைக் காரில் ஏற்றிக் கிரவல் ஒழுங்கைக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே அவர் கதவுப் பலகையை உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாக அமத்திக்கொண்டே வந்து, ஓரிடத்திற் கை வைத்தபடி நின்று, காற்சட்டைப் பையிலிருந்து பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றை எடுத்துக் கத்தரித்து, இடுக்கினுள் செருகுவார். பெற்றோலில்லாக் காலத்தில் வன்னியைச் சுமந்த சைக்கிள், இவ்விதமாகச் சொகுசுக் காரினுள்ளும் ஒரு விரற்கடை இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கார் மீண்டும் கிரவலில் ஓட்டப்படும். நூறு யார் தூரம் வரை எவரும் பேசார். அதன்பின் உரிமையாளர் தலையைச் சற்றே சரித்து, மறைப்பு விதி வழுவாமல் சொல்வார்: "அது நிண்டிட்டுது அண்ணை. இப்ப பின்னுக்கு ஒண்டு கேக்குது."