ரெண்டு வரி சார்

பெரிய வெளியீடு என்றால் கேக் உண்டு, மேனேஜரின் பேச்சு உண்டு. இரண்டு பெரிய வெளியீடுகளுக்கு நடுவே 4.2.1 என்று ஒன்று சத்தமில்லாமல் வருமே, அதற்கு அறிவிப்பு எழுத ரெண்டு வரி சார் மட்டும்தான். எந்த மென்பொருள் அலுவலகத்திலும், ஏசிக் காற்று நேராகத் தலையில் இறங்கும் நாற்காலியில் அவரைப் பார்க்கலாம். "சின்ன ரிலீஸ்தானே, பெரிய டாக்குமென்ட்டெல்லாம் எதுக்கு? ரெண்டு வரி போட்டு அனுப்பிடலாம்" என்பார். சொன்ன கையோடு, அந்த இரண்டு வரியைப் பற்றிப் பேச மூன்று மீட்டிங்குக்கு அழைப்பு வரும்.

என்ன மாறியது, யாருக்கு மாறியது, அவர்கள் என்ன செய்ய வேண்டும்: இதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்பது அவர் கொள்கை. குறை சொல்ல முடியாத கொள்கைதான். விவரம் கேட்டு டெவலப்பரிடம் போகும்போதுதான் வினை. கமிட் குறிப்பில் 'சரி பண்ணியாச்சு' என்று இருக்கும். அதற்கு மேலே 'இப்போ சரி'. அதற்கும் மேலே 'இது நிஜமாவே கடைசி'.

"எதைத் தம்பி சரி பண்ணே?"

"அதான் சார், அன்னிக்குச் சொன்னாங்களே, அது."

இந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றுவது செயப்பாட்டுவினை. இங்கிலீஷில்தான் எழுதுவார், தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஒரு பிழை சரிசெய்யப்பட்டது.' பிழையை வைத்தது யார்? எழுவாய் லீவில் இருக்கிறது. நேற்றுவரை இருந்த வசதி காணாமல் போனால், 'எளிமையாக்கப்பட்டது'. வேகம் குறைந்தால், 'பாதுகாப்பு வலுப்படுத்தப்பட்டது'. அவஸ்தைப்படுவது மட்டும் நாம்.

டெக் மென்பொருளை எழுதிய டொனால்ட் நூத், திருத்தம் செய்யும்போதெல்லாம் பதிப்பெண்ணில் ஓர் இலக்கத்தைக் கூட்டிக் கணிதத்தின் 'பை'யை (π) நோக்கிப் போகிறார். 2021இல் அது 3.141592653. தம் காலத்துக்குப் பின் எண் முழுப் பையாகட்டும், மிச்சமுள்ள பிழைகளெல்லாம் அம்சங்களாகிவிடட்டும் என்பது அவர் ஏற்பாடு. நம்மவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலையே பிழையை அம்சமாக்கிவிடுவார்.

ஒருமுறை உபுண்டு இயங்குதளத்தைப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிட்டது. "இடைக்கால வெளியீட்டுக்கு அவங்க கொடுக்கிற ஆதரவே ஒன்பது மாசம்தான் சார், அதுக்கும் பேர் வைக்கிறாங்க. 2004இல் வந்த முதல் பதிப்புக்கு மரு போட்ட காட்டுப்பன்றின்னு அர்த்தம் வர்ற பேரு!" என்று மேனேஜரிடம் வாதாடி, 4.2.1க்குக் 'கடுகடு கரடி' என்று முன்மொழிந்தார்.

"இதுல என்ன மாத்தினோம்?" என்றார் மேனேஜர்.

"லாகின் பட்டனை நாலு பிக்சல் தள்ளினோம்."

கரடி காட்டுக்குத் திரும்பியது.

கடைசியில், மூன்று மீட்டிங்கும் பதினோரு வரைவும் கடந்து வெளியே போனது: 'சில பிழைகள் களையப்பட்டன. செயல்திறன் மேம்படுத்தப்பட்டது.' எண்ணிப் பாருங்கள், இரண்டே வரி.

திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. அறிவிப்பின் தேதியில் ஆண்டு தப்பாம். அந்த மெயிலை எல்லார் மேசைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். "படிக்கிறாங்கய்யா!" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, திருத்திய அறிவிப்பு வெளியாவதை அறிவிக்க ஒரு சின்னக் குறிப்பு வேண்டுமே என்று எங்களைக் கான்ஃபரன்ஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு வரிதான்."