இனி எழுப்புவதில்லை: ப்ராசஸ் சூப்பர்வைசரின் பொறுமை குறித்த ஓர் ஆய்வு

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு ஒரு ப்ராசஸ் சூப்பர்வைசரை நியமிப்பது ஏன் என்று கேட்டால், விழுந்த நிரலைத் தூக்கி நிறுத்த என்பார்கள். தூக்கி நிறுத்துவது ஒரு திறமையே அன்று. முடிவில்லாமல் சுற்றும் மூன்று வரி ஷெல் ஸ்கிரிப்ட் அதைச் செய்துவிடும். டிஸ்க்கில் இடம் தீர்ந்துபோன சர்வரிலும் விடிய விடிய, சற்றும் சலிக்காமல், செத்ததையே எழுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே சூப்பர்வைசரின் தனித்தொழில் எழுப்புவது அன்று, இனி எழுப்புவதில்லை என்று முடிவெடுப்பதே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. லினக்ஸின் பழைய இனிட், இரண்டு நிமிடத்துக்குள் 10 முறைக்கு மேல் விழுந்த நிரலின் முகத்தில் அடுத்த 5 நிமிடம் விழிக்காது. சூப்பர்வைசர்டி, கிளம்பி ஒரு வினாடிகூட நிற்காத நிரலை மேலும் 3 முறை, இடைவெளியைச் சற்றுச் சற்றாகக் கூட்டி எழுப்பிப் பார்க்கும். பிறகு ஃபேட்டல் என்று எழுதிக் கணக்கை முடிக்கும். 2010இல் வந்த சிஸ்டம்டியின் பொறுமை 10 வினாடிக்கு 5 தொடக்கம். (ஆகவே 3 வினாடி தாக்குப்பிடித்துச் சாகக் கற்ற நிரல் அங்கே காலமெல்லாம் எழுப்பப்படும், உடனே சாகிற நேர்மையான நிரலுக்குத்தான் தண்டனை.) எர்லாங்கின் சூப்பர்வைசரோ 5 வினாடியில் ஒரு மரணத்தை மட்டும் மன்னிக்கும். இரண்டாவது நேர்ந்தால் தன் கீழுள்ள அனைத்தையும் முடித்து, தானும் மாண்டு, விவகாரத்தை மேலே உள்ள சூப்பர்வைசரிடம் தள்ளிவிடும். யாரும் கை வைக்காதபோது உள்ள எண்கள் இவை.

பழைய மென்பொருளில்தான் கருதுகோள் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. சூப்பர்வைசரை எண்ணாமல் எழுதப்பட்ட சர்வர், தொடங்கியதும் ஒரு பிள்ளை ப்ராசஸைப் பெற்றுப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத் தான் முடிந்துபோகும். அன்றைய ஒழுக்கம் அது. சூப்பர்வைசர்டி கண்காணிப்பதோ முடிந்துபோன தாயை. பிள்ளை நலமாக வேலை செய்துகொண்டிருக்க, சூப்பர்வைசர்டி மீண்டும் ஒன்றைத் தொடங்குகிறது. புதிதாக வந்தது, போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருப்பதைக் கண்டு சாகிறது. அடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே. கடைசியில் ஃபேட்டல். பயனர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பதிவேட்டில் மட்டும் சர்வர் இறந்துவிட்டது, வாழ்நாள் சான்றிதழ் தர மறந்த ஓய்வூதியரைப் போல. நிறுத்தச் சொன்னாலும் சூப்பர்வைசர்டியால் முடியாது. அதன் கணக்கில்தான் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லையே. பின்னணிக்குப் போகாதே என்று நிரலுக்குச் சொல்லிவிட்டால் இது தீரும். நம் ஆய்வுக்கு வேண்டியது வேறு: இங்கே எழுப்புவது தவறானது, சாவை அறிவது தவறானது, தவறாகாதது கைவிடுதல் ஒன்றே.

அற்றேல், டி. ஜே. பெர்ன்ஸ்டீனின் டீமன்டூல்ஸ் எத்தனை முறை செத்தாலும் எழுப்புகிறதே, அது சூப்பர்வைசர் அன்றோ எனின், கூறுதும். அதுவும் ஒரு நிரலைத் தொடங்கினால் ஒரு வினாடி கழியும் வரை மறுபடி தொடங்குவதில்லை. கைவிடுதல் நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. ஒரு வினாடிக்குக் கைவிடுவதும் கைவிடுதலே. இது வாதத்தை வளைப்பதாகத் தோன்றினால், அந்த வினாடியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம்: மிஞ்சுவது நம் மூன்று வரி ஸ்கிரிப்ட்.

சூப்பர்வைசரையே எழுப்புவது யார் என்ற தடையும் உண்டு. சூப்பர்வைசர்டியைச் சிஸ்டம்டி எழுப்பும். ஒன்றாம் எண் ப்ராசஸான சிஸ்டம்டி முடிந்துபோனால் கெர்னல் அதை எழுப்ப முயல்வதே இல்லை. முதல் மரணத்திலேயே பேனிக் என்று அறிவித்து இயந்திரம் முழுவதையும் நிறுத்திவிடும். எத்தனை வினாடி கழித்து மறுபடி பூட் ஆகவேண்டும் என்பதற்குக் கெர்னலில் ஓர் எண் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0. உடனே பூட் ஆகும் என்று பொருள் கொள்ளற்க. ஆகவே ஆகாது என்று பொருள்.