தாலி கட்டும் படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருமணத்தில் எடுத்த படங்களின் உரிமை ஸ்டூடியோவுக்கா, மணமக்களுக்கா? (வாசகர், மறைமலை நகர்)

பதில்: பெரும்பாலும் பெண்ணின் அப்பாவுக்கு! 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரையே முதல் உரிமையாளராகக் கொள்வதைப் பொது விதியாக வைத்திருந்தாலும், ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் கட்டணத்துக்கு எடுக்கப்பட்ட ஒளிப்படத்தின் பதிப்புரிமை, அதாவது அதைப் படியெடுக்கவும் வெளியிடவுமான அதிகாரம், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரையே சேரும் என்று 17ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. ஆகவே, ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து மணமேடை ஏறும் இளைஞரைவிட, ஸ்டூடியோவில் அட்வான்ஸ் கொடுத்து முகூர்த்தத்துக்கு ஆள் அமர்த்திய மாமனாரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் ஆகிறார்; மூன்றாவது முடிச்சு விழும் கணத்தில், பறந்து வரும் அட்சதைக்கும் நாத்தனாரின் கைக்கும் இடையே மணமகளின் முகத்தைப் பிடித்துவிடும் கலைஞரின் திறமை எவ்வளவு உயர்ந்ததாயினும் (அது உண்மையிலேயே உயர்ந்தது), இந்த விதி மாறுவதில்லை. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ உரிமையைப் படம் எடுத்தவருக்கே தந்து, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்னவருக்கு, தம் இசைவின்றி அப்படங்களை வெளியிடாமல் தடுக்கும் உரிமையை மட்டும் வழங்கியது.

இங்கே ஸ்டூடியோவின் ஆர்டர் படிவத்தில் உள்ள ஒரே ஒரு வரி எல்லாவற்றையும் மாற்றிவிடக்கூடும் என்பதால், மணமக்கள் அதை முழுவதும் படித்து, படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆர்டரைத் தங்கள் பெயரிலேயே கொடுப்பது நல்லது.