ஏஐயே சொல்லிடுச்சு!

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஏறி எந்த மாடியில் இறங்கினாலும் இவரைப் பார்க்கலாம். கழுத்தில் ஐடி கார்டு, கையில் ஆறிப்போன மெஷின் காபி. பதவி, டீம் லீட். உத்தியோகம், டிக்கெட் என்கிற வேலைச் சீட்டுகளை டீமுக்குப் பிரித்துக் கொடுப்பது. முன்பெல்லாம் அதை வாயால் செய்துகொண்டிருந்தார். "தம்பி, பேண்ட்வித் இருக்கா?" என்று பக்கத்தில் வந்து நின்றாலே பையன்கள் அவசரமாக பாத்ரூம் பக்கம் எழுந்து போவார்கள். கெஞ்சல், பேரம், "அடுத்த ஸ்பிரின்ட்ல உனக்கு லேசா தர்றேன்" என்று சத்தியம்.

இப்போது அந்த வம்பே இல்லை. டிக்கெட்டுகளை வரிசையாகக் காட்டும் கணினிப் போர்டுக்குள் ஏஐ வந்துவிட்டது. ஒரு பட்டனைத் தட்டுகிறார். ஒவ்வொரு டிக்கெட்டின் மூலையிலும் ஒரு முகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. யாராவது முறைத்தால் இரண்டு கையையும் விரிக்கிறார். "நானா போட்டேன்? ஏஐயே சொல்லிடுச்சு ப்ரோ."

ஊர்ப்பக்கம் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சாமி முன்னால் சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டலம் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. எது வந்தாலும் பெரியவர்கள் மேல் பழி வராது. நம்மவர் ஏஐயைக் கொண்டுவந்தது இந்த ஒரு வசதிக்காகத்தான். வேலை சீக்கிரம் முடியும் என்று மேனேஜரிடம் சொன்னதெல்லாம் ஸ்லைடுக்காக.

இத்தனைக்கும் அந்த டீமின் போர்டு கான்பன் போர்டு. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த முறை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த சரக்குக்குத்தான் மறுசரக்கு வைக்கிறார்கள் என்பதிலிருந்து அவர் பிடித்த யோசனை: அடுத்த கட்டத்து ஆள் அட்டையோடு முந்தைய கட்டத்துக்குப் போய், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவருவான். யாரும் யார் தலையிலும் தள்ளக் கூடாது. டேவிட் ஆண்டர்சன் அதை மென்பொருள் வேலைக்குக் கொண்டுவந்து 2010-இல் புத்தகமே போட்டார். கை காலியானவன் அடுத்த டிக்கெட்டைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். கை நிறைந்திருந்தால் புதிது கூடாது. நம்மவருக்கு இதெல்லாம் அத்துப்படி. சர்டிஃபிகேட் வாங்கி லிங்க்ட்இன்னில் போட்டிருக்கிறார். ஆளுக்கு மூன்று டிக்கெட்டுக்கு மேல் ஆகாது என்று போர்டில் கட்டுப்பாடும் வைத்தவர் அவரேதான்.

நாலாவது வந்தபோது 'ஆல்மோஸ்ட் டன்' என்று போர்டில் புதிதாக ஒரு கட்டம் திறந்தார். அப்புறம் 'டன், டெஸ்டிங் பாக்கி'. அதற்கும் அப்புறம் 'கிளையன்ட் பதிலுக்காக'. இப்போது மீட்டிங் ரூம் டிவியில் போர்டு முழுசாகத் தெரிவதில்லை. பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

ஏஐ பாவம், அதற்கு என்ன தெரியும்? யார் முன்பு எந்த மாதிரி டிக்கெட்டை முடித்தார்கள், இப்போது யார் பேரில் எத்தனை கிடக்கிறது, அவ்வளவுதான். திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி என்றைக்கோ சம்பளச் சீட்டில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்ததைச் சரிசெய்து தொலைத்தாள். அன்றிலிருந்து சம்பளச் சீட்டில் எது கோணினாலும் அவள் பேர்தான். வேகமாக முடிக்கிறாளா, உடனே 'இவரிடம் இடம் இருக்கிறது' என்று இன்னொன்று.

ஜன்னலோர சீட்டு சீனியர் வேறு ரகம். செவ்வாய்க்கிழமையே முடித்த டிக்கெட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் 'டன்'னுக்கு நகர்த்துவார். அதுவரை அவர் கை நிறைய வேலை என்று ஏஐ நம்பிக்கொண்டிருக்கும். அந்த டீமில் செயற்கை நுண்ணறிவை முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டாண்டப் மீட்டிங்கில் அந்தத் திருநெல்வேலிப் பெண் வாய்திறந்து பார்த்தாள்.

"அண்ணா, என்கிட்ட ஏற்கெனவே ஏழு இருக்கு."

"மூணுதானேம்மா காட்டுது?"

"மீதி நாலு ஆல்மோஸ்ட் டன்ல இருக்குண்ணா."

"அப்ப டன்தானே?"

இதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்?

பெங்களூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பையன் கதைதான் இதில் உச்சம். ஹெச்ஆர் அவனுடைய மெயிலை மூடிவிட்டது. போர்டிலிருந்து பெயரை எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஏஐ பார்த்தது: லாகின் வேலையில் நல்ல அனுபவம், கையில் டிக்கெட் பூஜ்யம். இதைவிட வேறு ஆள் வேண்டுமா? லாகின் டிக்கெட் மொத்தத்தையும் அவன் பேரில் எழுதிவிட்டது. கிளையன்ட் மீட்டிங்கில் "யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டபோது லீட் போர்டைப் பார்த்துப் பெயரைப் படித்தார். "ஹி இஸ் ஆன் இட்" என்று சேர்த்துக்கொண்டார். கிளையன்ட்டுக்குத் திருப்தி.

மாதக் கடைசியில் பாராட்டு மெயிலையும் ஏஐயே எழுதியது. ஒரு டிக்கெட்டைக்கூடத் தட்டிக்கழிக்காமல், யாரிடமும் திருப்பித் தள்ளாமல், ஒரு புகார் சொல்லாமல் இருந்தவர் என்று பெங்களூர்ப் பையனுக்கு முதல் பாராட்டு. லீட் படித்துப் பார்க்காமல் அனுப்பினார். மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது.

அசரவில்லை மனுஷர். 'மெயில் ஏன் போகவில்லை?' என்று புதிதாக ஒரு டிக்கெட் திறந்து பட்டனைத் தட்டினார். சம்பளச் சீட்டும் மெயிலில்தானே போகிறது? திருநெல்வேலிப் பெண்ணின் முகம் மூலையில் வந்து ஒட்டிக்கொண்டது.